தேனிலவுக்கு ஏற்காடு: ராத்திரி தங்குவது மலையிலா, சேலத்திலா?

கேள்வி: எங்களுக்குத் தை மாதக் கடைசியில் கல்யாணம். ஊர் கும்பகோணம். கல்யாணம் முடிந்ததும் நான்கு நாள் சேலம், ஏற்காடு போய்வரலாம் என்று இருக்கிறோம். சேலம் அம்மாபேட்டையில் அவருடைய சித்தி வீடு இருக்கிறது. அங்கேயே தங்கி, தினமும் காலையில் மலைக்குப் போய்விட்டுச் சாயங்காலம் இறங்கிவிடுங்கள், அறை வாடகை மிச்சம் என்கிறார்கள் வீட்டில். மேட்டூர், ஒகேனக்கல், கொல்லிமலையும் பார்க்க ஆசை. சொந்தக் கார் இல்லை. வளைவுப் பாதை என்றாலே எனக்குத் தலைசுற்றி வாந்தி வந்துவிடும். எப்படித் திட்டம் போடுவது?

பதில்: வாழ்த்துகள். ராத்திரி மலையிலேயே தங்குங்கள், இரண்டு ராத்திரியாவது. சித்தி வீட்டுக்குக் கட்டாயம் போங்கள். ஆனால் அதைத் தங்கும் இடமாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

சேலத்தில் இருந்து ஏற்காடு 30 கிலோமீட்டர்தான். கேட்கப் பக்கம் மாதிரி இருக்கும். ஆனால் அடிவாரத்தைத் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். சேலம் ஊர் கடல் மட்டத்தில் இருந்து 300 மீட்டர்கூட இல்லை, ஏற்காடு 1,500 மீட்டருக்கு மேல். அத்தனை உயரத்தையும் ஒரே மூச்சில் ஏற வேண்டும். இரண்டு நாள் ஏறி இறங்கினால் 80 வளைவு. உங்கள் உடம்புக்கு அது ஆகாது. ஏறிய பிறகு ஒரு மணி நேரம் படுக்கத் தோன்றும், படுக்க அறை இருக்காது.

இன்னொன்று, ஏற்காட்டின் நல்ல நேரமே காலை ஒன்பது மணிக்கு முன்னாலும் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பின்னாலும்தான். காலையில் போய் மாலையில் இறங்குகிறவர்கள் பார்ப்பது, படகு இல்லத்து வரிசையையும் ஏரிக்கரையில் நிற்கும் வேன்களையும்தான். பனி ஏரியை விட்டு மெல்ல விலகுவதைப் பார்க்க அவர்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

சொந்தக்காரர் வீட்டில் தங்குவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். சித்தி எவ்வளவு அன்பானவராக இருந்தாலும், புதுப்பெண் அந்த வீட்டில் எட்டு மணி வரை தூங்க முடியாது. குளித்துத் தலைவாரி, சமையலறைப் பக்கம் போய் நின்றாக வேண்டும். பக்கத்து வீட்டார் பார்க்க வருவார்கள். அதெல்லாம் தப்பில்லை, ஆனால் இந்த நான்கு நாள் உங்கள் இருவருக்கானது. உங்கள் வீட்டுக்காரரே சித்திக்கு போன் போட்டு, “மலையில் ரூம் போட்டாச்சு சித்தி, இறங்கி வரும்போது மத்தியானச் சாப்பாட்டுக்கு வர்றோம்” என்று முன்கூட்டியே சொல்லிவிடட்டும். விருந்துக்கு நாள் குறித்துச் சொல்லிவிட்டால் யாருக்கும் மனக்குறை வராது. இதை நீங்கள் சொல்வதைவிட அவர் சொல்வதுதான் சரி.

திங்கள் முதல் வியாழனுக்குள் போய்வரப் பாருங்கள். சனி, ஞாயிறில் சேலம், ஈரோடு, பெங்களூரு கூட்டம் முழுக்க மேலேதான் இருக்கும். வாடகையும் ஏறிவிடும். முதல் நாள் சேலத்துக்கு மத்தியானம் வந்து சேர்ந்தால் நேரே மேலே போய்விடுங்கள், இருட்டுவதற்குள் ஏறிவிடலாம். ராத்திரிதான் வந்து இறங்குவீர்கள் என்றால் ஜங்ஷன் பக்கமோ புதிய பஸ் நிலையம் பக்கமோ ஒரு ராத்திரி தங்கிவிட்டு விடிந்ததும் ஏறுங்கள். பனி மூடிய வளைவில் ராத்திரிப் பயணம் வேண்டவே வேண்டாம்.

ஏறுவதற்கு வாடகைக் கார் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் மேலே கொண்டுபோய் விடுவதற்கு மட்டும். காரை இரண்டு நாள் நிறுத்தி வைத்தால் டிரைவர் பேட்டா, மலைக் கட்டணம் என்று ஏறிக்கொண்டே போகும். முன் சீட்டில் உட்காருங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். போனைப் பார்க்காமல் எதிரே சாலையைப் பாருங்கள். வெறும் வயிற்றோடும் ஏறாதீர்கள், வயிறு முட்டச் சாப்பிட்டும் ஏறாதீர்கள், இரண்டு இட்லி போதும். குப்பனூர் வழியாக இன்னொரு சாலை இருக்கிறது. அதில் கொண்டை ஊசி வளைவுகள் குறைவு. அந்த வழியாகப் போக முடியுமா என்று டிரைவரிடம் கேட்டுப் பாருங்கள். மாத்திரை போடுவதானால் ஊரிலேயே டாக்டரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது அரசுப் பேருந்தே போதும், முன் பக்க இருக்கையாகப் பிடித்துவிடுங்கள்.

அறை பிடிக்கும்போது ‘ஹனிமூன் பேக்கேஜ்’ என்று கட்டிலில் ரோஜா இதழ், கேக், மெழுகுவத்தி என்று விலை சொல்வார்கள். அந்தப் பணத்தை நல்ல ஜன்னல் உள்ள அறைக்குக் கொடுங்கள். பள்ளத்தாக்கைப் பார்த்த அறையா, பார்க்கிங்கைப் பார்த்த அறையா என்று கேளுங்கள். வெந்நீர் நாள் முழுக்க வருமா, காலையில் மட்டுமா என்று கேளுங்கள். தை, மாசியில் ராத்திரிக் குளிர் 15 டிகிரிக்குக் கீழே போகும், கும்பகோணத்து உடம்புக்கு அது நிறையவே உறைக்கும். சொல்லும் வாடகையில் ஜிஎஸ்டி சேர்ந்ததா என்பதையும் கேட்டுவிடுங்கள். எஸ்டேட்டுக்குள் இருக்கும் வீடுகளில் தங்குவதாக இருந்தால் ராத்திரிச் சாப்பாட்டை முன்னாலேயே சொல்ல வேண்டும். ஏழு மணிக்கு மேல் அங்கிருந்து சாப்பாடு தேடிக் கிளம்ப முடியாது. மலையில் இப்போது காட்டெருமை நடமாட்டம் அதிகம், இருட்டிய பிறகு தோட்டப் பாதையில் நடக்கவே கூடாது. பகலில் எதிரே வந்தாலும் போட்டோவுக்குக் கிட்டே போகாதீர்கள்.

என்னைக் கேட்டால் எஸ்டேட் வீட்டைத்தான் சொல்வேன். நீங்கள் போகும் காலம் அப்படி. இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தவர் 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன். இன்றைக்கும் சில்வர் ஓக் மரங்களின் நிழலில்தான் செடிகள் நிற்கின்றன, மரத்தில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். தை மாதத்தில் காபி அறுவடை முடியும் தறுவாயில் இருக்கும், மிளகு பறிப்பு தொடங்கியிருக்கும். செடியில் மிஞ்சியிருக்கும் சிவந்த பழம் ஒன்றைக் கேட்டு வாங்கி விரலால் அழுத்திப் பாருங்கள். தோல் பிதுங்கி, வழவழவென்று இரண்டு கொட்டைகள் வெளியே வரும். நாக்கில் வைத்தால் இனிக்கும், காபி வாசனை துளியும் இருக்காது. களத்தில் காயும் கொட்டையைப் பார்த்துவிட்டு, அதே தோட்டத்துக் காபித்தூளும் மிளகும் வாங்கி வரலாம். டிகிரி காபிக்குப் பேர்போன ஊர்க்காரர் நீங்கள், இதை நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

மற்றபடி மேலே ஆட்டோக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு இடங்களை அடுக்குவார்கள். நான்கு போதும். காலையில் பகோடா பாயிண்ட். அப்புறம் சேர்வராயன் கோயில். மலையின் உச்சியில் ஒரு குகைக்குள் சேர்வராயனும் காவிரி அம்மனும் இருக்கிறார்கள், குனிந்துதான் உள்ளே போக வேண்டும். வெளியே காற்று ஆளைத் தள்ளும். படகு சவாரியைக் காலையில் திறந்த உடனே முடித்துவிடுங்கள். சாயங்காலம் லேடீஸ் சீட். வானம் தெளிவாக இருந்தால் மேட்டூர் நீர்த்தேக்கம் வரை தெரியும். இருட்டத் தொடங்கியதும் கீழே சேலம் முழுக்க விளக்கு எரிவது தெரியும். கிளியூர் அருவியில் அந்த மாதத்தில் தண்ணீர் குறைந்துவிடும், படிகளும் அதிகம். விசாரித்துவிட்டுப் போங்கள்.

மூன்றாம் நாள் காலையில் இறங்கி, பழமும் பூவும் வாங்கிக்கொண்டு சித்தி வீட்டு விருந்து. சாயங்காலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் போங்கள். சேலத்து வெள்ளிக் கொலுசுக்கு வெளிமாநிலத்தில் இருந்தெல்லாம் வந்து வாங்குகிறார்கள். எத்தனை டச் (சுத்தம்) வெள்ளி, கூலி எவ்வளவு, திருப்பிக் கொடுத்தால் என்ன கணக்கில் எடுப்பார்கள் என்று மூன்றையும் கேட்டுப் பில்லோடு வாங்குங்கள். கொக்கியை நாலைந்து தடவை மாட்டிக் கழற்றிப் பாருங்கள், கொலுசு தொலைவது பெரும்பாலும் அங்கேதான். வரும் வழியில் தள்ளுவண்டியில் தட்டுவடை செட். ஒரு சின்னத் தட்டுவடை மேல் சிவப்புச் சட்னி, பச்சைச் சட்னி, துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம், மேலே இன்னொரு தட்டுவடை. கடித்துத் தின்றால் சிதறும், முழுசாக வாயில் போட வேண்டும். அன்று ராத்திரி சித்தி வீட்டிலேயே தங்குவதானால் தங்குங்கள், அவருக்கும் மனது நிறையும்.

கொல்லிமலையை விட்டுவிடுங்கள். அங்கே 70 கொண்டை ஊசி வளைவு. ஒகேனக்கல் சேலத்தில் இருந்து 100 கிலோமீட்டருக்கு மேல், போய்வர ஒரு நாள் முழுக்கப் போய்விடும். நான்கு நாளில் அது அடங்காது, இன்னொரு முறை பார்த்துக்கொள்ளலாம்.

நான்காம் நாளுக்குத் தாரமங்கலமும் மேட்டூரும் சரியாக இருக்கும். பையைச் சித்தி வீட்டிலேயே வைத்துவிட்டு, காலையில் முதலில் தாரமங்கலம் கைலாசநாதர் கோயில். மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள். கல்லிலேயே செதுக்கிய சங்கிலி, யாளி வாயில் உருளும் கல் உருண்டை, ரதி மன்மதன் எல்லாம் உண்டு. ராமன் தூணையும் வாலி தூணையும் மட்டும் விட்டுவிடாதீர்கள். ராமன் இருக்கும் இடத்தில் இருந்து பார்த்தால் வாலி தெரிவான், வாலி பக்கம் நின்றால் ராமன் தெரிய மாட்டார். ஆளுக்கொரு தூண் பக்கம் நின்று பாருங்கள்.

அங்கிருந்து மேச்சேரி வழியாக மேட்டூர். 1934இல் கட்டி முடித்த அணை, தண்ணீர் தேங்கும் முழு அளவு 120 அடி. உங்கள் ஊர்க் காவிரியில் ஓடும் தண்ணீர் இங்கிருந்து வருவதுதானே, அதனால் உங்கள் இருவருக்கும் இதைப் பார்க்கத் தனிச் சந்தோஷம் இருக்கும். வழக்கமாக ஜூன் 12இல் பாசனத்துக்குத் திறந்து ஜனவரி 28இல் மூடுவார்கள். தை முடிந்து போகிற உங்களுக்குத் தண்ணீர் சீறிப் பாய்வதைப் பார்க்கக் கிடைக்காது. நீர்த்தேக்கத்தின் விரிவைப் பார்த்துவிட்டு, பூங்காவில் உட்கார்ந்து, சுடச்சுட மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்கெல்லாம் கிளம்பிவிடுங்கள். சேலம் திரும்பப் பேருந்தில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், சித்தி வீட்டில் பையை எடுக்கவும் நேரம் வேண்டும். ஊர் திரும்பும் டிக்கெட்டை ராத்திரி எட்டு மணிக்கு மேல் இருப்பதாகப் பார்த்து இப்போதே போட்டுவிடுங்கள்.