இரண்டு கான்ஃபரன்ஸ் சாம்பியன்கள் மோதிய அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பவுல் ஆட்டங்களில் ஒன்றே ஒன்றைப் பார்க்கச் சொன்னால் எதைச் சொல்வீர்கள்?

2007 ஜனவரி 1, ஃபியஸ்டா பவுல். பாய்ஸி ஸ்டேட் 43, ஓக்லஹோமா 42. யோசிக்கவே வேண்டாம்.

2006 ரோஸ் பவுல்தான் பெரிது என்று சண்டைக்கு வருபவர்கள் இருக்கிறார்கள். டெக்சஸ் 41, யுஎஸ்சி 38. 19 விநாடி மிச்சம் இருக்கும்போது வின்ஸ் யங் வலது மூலைக்கு ஓடி அடித்த டச் டவுன் (பந்தோடு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டுவது, 6 புள்ளி). தேசியப் பட்டமே அதில்தான் முடிவானது. ஆட்டத் தரத்தை மட்டும் பார்த்தால் அது ஒரு படி மேல் என்று நானும் ஒப்புக்கொள்வேன். ஆனால் அங்கே இரண்டு பக்கமும் பெரிய இடத்துப் பிள்ளைகள். யார் ஜெயித்தாலும் ஊர் ஆச்சரியப்பட்டிருக்காது.

புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு சின்ன முன்கதை. கல்லூரி அணிகள் கான்ஃபரன்ஸ் என்ற குழுக்களாகப் பிரிந்து சீசன் முழுக்க ஆடும். சீசன் முடிந்ததும், டிசம்பர் கடைசியிலும் புத்தாண்டை ஒட்டியும், நல்ல அணிகளை அழைத்து நடத்தும் தனி ஆட்டம்தான் பவுல். 1902-இல் பாசடீனாவில் நடந்த ஆட்டம்தான் ரோஸ் பவுலின் தொடக்கம். 1947 முதல் பல பத்தாண்டுகள் பிக் டென் என்ற கான்ஃபரன்ஸின் சாம்பியனும் மேற்குக் கடற்கரைக் கான்ஃபரன்ஸின் சாம்பியனும் அங்கே மோதுவதுதான் வழக்கம். இந்தக் கதையில் வரும் காலத்தில் ஆறு பெரிய கான்ஃபரன்ஸ்களின் சாம்பியன்களுக்குப் பெரிய பவுல்களில் இடம் உறுதி. மற்ற கான்ஃபரன்ஸ்களின் சாம்பியன் தரவரிசையில் முதல் பன்னிரண்டுக்குள் வந்தால் நிச்சயமாக இடம் கிடைக்கும்.

பாய்ஸி ஸ்டேட் அப்படி வந்த அணி. ஐடஹோ மாநிலத் தலைநகரில் 1932-இல் இரண்டாண்டுப் படிப்புக் கல்லூரியாகத் தொடங்கியது; ஃபுட்பாலின் மேல்தட்டுப் பிரிவுக்கு வந்ததே 1996-இல். வெளியில் அவர்களைத் தெரிந்ததெல்லாம் மைதானத்துக்கு நீல நிறத் தரை போட்ட கல்லூரி என்றுதான் (முதல் முறை பார்க்கும்போது டிவியில்தான் ஏதோ கோளாறு என்று தோன்றும்). எதிரே ஓக்லஹோமா: ஏழு தேசியப் பட்டங்கள், பிக் 12 என்ற பெரிய கான்ஃபரன்ஸின் சாம்பியன், தலைமைப் பயிற்சியாளர் பாப் ஸ்டூப்ஸ். பாய்ஸி டபிள்யூஏசி என்ற சின்னக் கான்ஃபரன்ஸின் சாம்பியன், அதுவரை ஆடிய 12 ஆட்டத்தையும் ஜெயித்திருந்தது. 'அந்தக் கான்ஃபரன்ஸில் யாரை ஜெயித்தால் என்ன, ஓக்லஹோமா கையில் மாட்டினால் தெரியும்' என்பதுதான் பொதுவான பேச்சு.

பெயரில் ஒரு சிக்கல் இருக்கிறது. பாய்ஸியின் பயிற்சியாளரும் பீட்டர்சன், ஓக்லஹோமாவின் நட்சத்திர ஓட்டக்காரரும் (பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர்) பீட்டர்சன். எனவே பயிற்சியாளரைக் கிறிஸ் என்றும் ஓட்டக்காரரை அட்ரியன் என்றும் எழுதுகிறேன். கிறிஸுக்குத் தலைமைப் பயிற்சியாளராக அதுதான் முதல் சீசன். அட்ரியன் அக்டோபரில் கழுத்தெலும்பு முறிந்து உட்கார்ந்திருந்தவர், இந்த ஆட்டத்துக்குத்தான் திரும்பினார்.

மூன்றாவது கால் பகுதியில் பாய்ஸி 28-10 என்று முன்னால் இருந்தது. அதன் பிறகு ஒரு கெட்ட நேரம்: ஓக்லஹோமா உதைத்த பந்து பாய்ஸி ஆட்டக்காரர் ஒருவரின் காலில் பட்டது, அதை ஓக்லஹோமா கைப்பற்றியது, ஆட்டம் திரும்பிவிட்டது. 1 நிமிடம் 26 விநாடி இருக்கும்போது டச் டவுன் அடித்து, அபராதங்களால் திரும்பத் திரும்ப ஆடி, மூன்றாவது முயற்சியில் கூடுதல் 2 புள்ளியையும் எடுத்து 28-28 ஆக்கினார்கள் (டச் டவுனுக்குப் பிறகு ஒரு கூடுதல் வாய்ப்பு உண்டு: உதைத்தால் 1 புள்ளி, மறுபடி கோட்டைத் தாண்டினால் 2). அடுத்து பாய்ஸியின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) ஜாரெட் ஸப்ரான்ஸ்கி எறிந்த பந்தை மார்கஸ் வாக்கர் இடைமறித்து நேராக எண்ட் ஸோனுக்கு, அதாவது கடைசிக் கோட்டுக்கு அப்பால் உள்ள பகுதிக்கு, ஓடினார். 35-28. பாதிப் பேர் டிவியை அணைத்திருப்பார்கள்.

பாய்ஸிக்குக் கடைசி வாய்ப்பு. நான்காவது டவுன் (முயற்சி), எடுக்க வேண்டியது 18 யார்டு, பந்து மைதானத்தின் நட்டநடுவில், மிச்சம் 18 விநாடி. இந்த விளையாட்டில் 10 யார்டு முன்னேற நான்கு முயற்சிதான் உண்டு. நான்காவதும் தோற்றால் பந்து எதிரணிக்குப் போய்விடும், ஆட்டம் முடிந்தது. ஸப்ரான்ஸ்கி நடுவில் ட்ரிசான் ஜேம்ஸுக்கு எறிந்தார். 15 யார்டுதான், போதாது. ஜேம்ஸ் பந்தோடு ஓட, தடுப்பாளர்கள் மொத்தமும் அவர் மேல் பாய, எதிர்த்திசையில் ஓடி வந்த ஜெரார்ட் ராபின் கையில் பந்தைத் தட்டிவிட்டார். ராப் 35 யார்டு ஓடி எண்ட் ஸோனில் விழுந்தார். மிச்சம் 7 விநாடி, 35-35. முழுநேரத்தின் கடைசி 86 விநாடியில் மட்டும் 22 புள்ளி!

ஓவர்டைம் கிட்டத்தட்ட கிரிக்கெட்டின் சூப்பர் ஓவர் மாதிரி. ஆளுக்கொரு வாய்ப்பு, 25 யார்டு கோட்டிலிருந்து. ஓக்லஹோமா முதலில் ஆடியது. பந்தை அட்ரியனிடம் கொடுத்தார்கள், அவர் 25 யார்டையும் ஒரே ஓட்டத்தில் கடந்தார். ஒரே ஒரு முயற்சி, 42-35.

எல்லோரும் அடுத்து வந்த வித்தைகளைப் பற்றிப் பேசுவார்கள். எனக்கு அட்ரியனின் அந்த ஓட்டம்தான் ஆட்டத்தின் திறவுகோல். பாய்ஸியின் தடுப்பு வரிசை களைத்துவிட்டது, இனி அட்ரியனை நிறுத்த முடியாது என்பது அந்த ஒரு ஓட்டத்தில் அம்பலமாகிவிட்டது.

பாய்ஸியின் முறை. மறுபடியும் நான்காவது டவுன், 2 யார்டு தேவை. பந்து போடுவதற்குச் சற்று முன் ஸப்ரான்ஸ்கி சாதாரணமாக நகர்ந்து ஓரத்துக்குப் போகிறார். பந்து வின்னி பெரெட்டாவிடம் வருகிறது. அவர் பந்து பிடிப்பவர், எறிபவர் இல்லை. வலது பக்கம் ஓடியபடியே டெரெக் ஷூமனுக்கு எறிகிறார், டச் டவுன். 42-41.

இங்கே ஒரு உதை உதைத்தால் 42-42, இரண்டாவது ஓவர்டைம். கிறிஸ் 2 புள்ளிக்குப் போகச் சொன்னார். ஒரே முயற்சி, 3 யார்டு. எடுத்தால் வெற்றி, இல்லையென்றால் தோல்வி. இதைச் 'சூதாட்டம்', 'துணிச்சல்' என்றெல்லாம் புகழ்கிறார்கள். நான் இதைக் கணக்கு என்பேன். இரண்டாவது ஓவர்டைம் போனால் முறை மாறி பாய்ஸிதான் முதலில் ஆட வேண்டியிருக்கும், அதற்குப் பின் அட்ரியன் வந்து நிற்பார். ஆட்டம் நீள நீளப் பெரிய அணியின் ஆள்பலம்தான் பேசும். சின்ன அணி ஜெயிக்க வேண்டுமானால் இப்போதே, இந்த 3 யார்டிலேயே முடித்தாக வேண்டும்.

முடித்தார்கள். மூன்று பேர் வலது பக்கம் நிற்கிறார்கள். ஸப்ரான்ஸ்கி அந்தப் பக்கம் பார்த்து வலது கையை ஓங்கி எறிகிறார். அந்தக் கையில் பந்து இல்லை! பந்து இடது கையில், முதுகுக்குப் பின்னால். ஓட்டக்காரர் இயன் ஜான்சன் அதைப் பின்னாலிருந்து எடுத்துக்கொண்டு இடது பக்கம் ஓடுகிறார், அங்கே தடுக்க ஆளே இல்லை. சுதந்திர தேவி சிலை என்று பெயர் வைத்திருக்கும் பழங்காலத்து ஏமாற்று வேலை.

அடுத்த சில நிமிடங்களில் ஜான்சன் நேரலையில் மண்டியிட்டு, அதே கல்லூரியின் சியர்லீடரான தன் காதலியிடம் கல்யாணத்துக்குக் கேட்டார், அவரும் சரி என்றார். டிவி நிருபர் முந்திக்கொண்டு விஷயத்தைப் போட்டு உடைத்ததுதான் கொடுமை. (இந்த ஜான்சன் ஓய்வு நேரத்தில் குரோஷே ஊசியில் தொப்பி பின்னுகிறவர் என்பது கூடுதல் தகவல்.)

இனி என் புலம்பல். 13 ஆட்டம், 13 வெற்றி, அதிலும் ஒரு பெரிய கான்ஃபரன்ஸின் சாம்பியனைச் சாய்த்தது. கிடைத்தது ஏபி செய்தி நிறுவனத்தின் தரவரிசையில் ஐந்தாம் இடம். தேசியப் பட்டம் ஒரு வாரம் கழித்து ஓஹையோ ஸ்டேட்டை வென்ற ஃப்ளோரிடாவுக்குப் போனது. ஃப்ளோரிடா அந்தச் சீசனில் ஒரு ஆட்டம் தோற்ற அணி. 2010 ஃபியஸ்டா பவுலில் பாய்ஸியையும் தோல்வியே காணாத இன்னொரு சின்னக் கான்ஃபரன்ஸ் சாம்பியன் டிசியுவையும் ஒன்றோடொன்று மோதவிட்டார்கள். பாய்ஸி 17-10 என்று ஜெயித்தது, ஆனால் பெரியவர்கள் யாரும் தோற்க வேண்டிய அவசியமில்லாமல் போயிற்று. அது தற்செயல் என்று நான் இன்றுவரை நம்பவில்லை.

2014 சீசனில் தேசியப் பட்டத்துக்கு நான்கு அணிகளின் பிளேஆஃப் வந்தது, 2024-இல் அது பன்னிரண்டு ஆனது. அந்த முதல் பன்னிரண்டில் பாய்ஸியும் மவுண்டன் வெஸ்ட் கான்ஃபரன்ஸ் சாம்பியனாக இடம்பிடித்தது. கால் இறுதி அதே ஃபியஸ்டா பவுல், கிளெண்டேலில் அதே மைதானம். பென் ஸ்டேட்டிடம் 31-14 என்று தோற்றார்கள். அந்தப் பென் ஸ்டேட் தன் கான்ஃபரன்ஸ் இறுதியில் ஆரிகனிடம் தோற்று, சாம்பியன் ஆகாமலே வந்த அணி.

பார்ப்பதாக இருந்தால் ஹைலைட்ஸ் மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். 28-10 என்று இருக்கும் இடத்திலிருந்து தொடங்குங்கள். அந்தக் கடைசி 2 புள்ளி முயற்சி வரும்போது ஸப்ரான்ஸ்கியின் இடது கையை மட்டும் கவனியுங்கள். வலது கையைப் பார்த்தால் ஓக்லஹோமா தடுப்பாளர்களோடு சேர்ந்து நீங்களும் ஏமாந்துவிடுவீர்கள்.