காலியாகத் தெரியும் சேனல் 3

கேள்வி: கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் அடுக்ககத்தில் 14வது மாடியில் இருக்கிறோம். இரவு எட்டு மணிக்கு மேல் வைஃபை திணறுகிறது. செயலியில் பார்த்தால் 1, 6, 11 மூன்றிலும் ஒரே நெரிசல். சேனல் 3 மட்டும் காலி. அதற்கு மாற்றி, அகலத்தையும் 40 மெகாஹெர்ட்ஸ் ஆக்கினேன். முன்பைவிட மோசமாகிவிட்டது. ஏன்?

பதில்: விவரம் தெரிந்தவர்கள் அங்கே போவதில்லை, அதனால்தான் 3 காலி. வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சேனல்களின் மையங்கள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்கின்றன. ஒவ்வொரு சேனலும் பிடிக்கும் அகலமோ ஏறக்குறைய 20. ஆகவே 3இல் நீங்கள் பேசினால் ஒரு பக்கம் 1இலும் மறுபக்கம் 6இலும் ஏறிவிடும்.

ஒரே சேனலில் இருக்கும் கருவிகளுக்கு ஒன்றின் பேச்சு மற்றதற்குப் புரியும். ஒன்று முடிக்கும்வரை மற்றது பொறுத்திருக்கும். தாமதம் உண்டு, ஆனால் தகவல் சிதையாது. அரைகுறையாக ஏறிய சேனலிலிருந்து வருவது வெறும் இரைச்சல். பாக்கெட் (தகவலின் சிறு துண்டு) உடையும், திரும்ப அனுப்ப வேண்டும், அதுவும் உடையும். இதில் 40 அகலம் வேறு! மொத்தமே 80 சொச்சம் மெகாஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் பாதியை நீங்களே வளைத்துப் போட்டால், அதற்குள் வரும் அத்தனை அண்டை வீட்டு இரைச்சலும் உங்களுக்குத்தான்.

அகலத்தை 20க்குக் கொண்டு வாருங்கள். நெரிசல் நேரத்தில், இரவில் அளந்து பாருங்கள். காலையில் அளந்து பயனில்லை. எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல் வலிமையையும் பாருங்கள். அதன் அலகு டிபிஎம்; மைனஸ் எண் பூஜ்யத்தை நெருங்க நெருங்க அலை வலுவானது. மைனஸ் 85 டிபிஎம்மில் தெரியும் பத்துப் பேரைவிட மைனஸ் 55இல் உள்ள ஒருவர் அதிகத் தொல்லை. ஒன்றன்மேல் ஒன்று ஏறாத 1, 6, 11இல் ஒன்றைக் கையால் தேர்ந்தெடுங்கள். பல ரௌட்டர்களில் 'ஆட்டோ' இயங்கத் தொடங்கும்போது மட்டுமே தேடுகிறது. அதை நம்ப வேண்டாம். சமையலறை மைக்ரோவேவ் பக்கத்திலேயே இருந்தால் 1 பாதுகாப்பானது.

கைப்பேசி, தொலைக்காட்சி இரண்டையும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிடுங்கள். அடுக்ககத்தில் அதற்கு 40 அகலம் போதும். 80 வைத்தால் 36, 40, 44, 48 ஆகிய நான்கு சேனல்களும் ஒருவருக்கே போய்விடும்.

கேள்வி: பினாங்கு லிட்டில் இந்தியாவில் உணவகம். கடைவீட்டின் கீழே ஒன்று, மாடியில் ஒன்று என இரண்டு ஆக்சஸ் பாயிண்ட் (வைஃபை அலையைப் பரப்பும் கருவி). இரண்டும் 'ஹை' பவரில். மாடியிலும் கைப்பேசியில் கோடுகள் நிறைந்திருக்கின்றன, ஆனால் கியூஆர் கட்டணம் வந்து சேர்ந்ததா என்று பார்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிறது.

பதில்: கோடுகள் காட்டுவது ஆக்சஸ் பாயிண்டின் குரலை. உங்கள் கைப்பேசியின் பதில் அதற்குக் கேட்கிறதா என்பதைக் கோடுகள் சொல்லாது. 'ஹை' என்பது 23 டிபிஎம் என்று வைத்துக்கொண்டால், அது 200 மில்லிவாட். கைப்பேசி அனுப்புவது பெரும்பாலும் 15 டிபிஎம் அளவு, சுமார் 32 மில்லிவாட். கீழ்க்கருவியின் சத்தம் மாடிவரை கேட்பதால் கைப்பேசி அதையே பிடித்துக்கொண்டு தொங்குகிறது. ஐஃபோன் மைனஸ் 70 டிபிஎம்முக்குக் கீழே போன பிறகுதான் வேறு கருவியைத் தேடவே தொடங்கும்.

5 கிகாஹெர்ட்ஸை 15 அல்லது 16 டிபிஎம்முக்கு இறக்குங்கள், 2.4ஐ அதைவிட ஆறேழு டிபி குறைவாக வையுங்கள். 3 டிபி குறைத்தால் சக்தி பாதியாகும் என்பதால் படிப்படியாக இறக்கி, கல்லாவில் மைனஸ் 67க்குக் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பெயரும் கடவுச்சொல்லும் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கட்டும். சேனல் வேறு வேறு.

ஆக்சஸ் பாயிண்டின் அமைப்பில் குறைந்தபட்ச வேகத்தை 12 எம்பிபிஎஸ் ஆக்கினால், எட்டத்தில் தொங்கும் கைப்பேசிகள் தானாகவே கழன்றுகொள்ளும். ஆனால் பழைய பில் பிரிண்டர் 1, 2, 5.5, 11 வேகங்களை மட்டுமே அறிந்ததாக இருந்தால் அதுவும் கழன்றுவிடும். மதியக் கூட்டத்துக்கு முன்பே ஒரு பில் அடித்துப் பாருங்கள்.

கேள்வி: பினாங்கின் பாயான் லெப்பாஸில் இருக்கிறோம். 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் திடீரென மறைகிறது. திரும்பி வரும்போது சேனல் மாறியிருக்கிறது. கருவி பழுதா?

பதில்: பழுதில்லை, டிஎஃப்எஸ். அதாவது, ரேடாருக்கு வழிவிட்டுக் கருவி தானாகச் சேனல் மாறும் ஏற்பாடு. 52 முதல் 64 வரையும் 100 முதல் 144 வரையும் உள்ள சேனல்களை ரேடாரும் பயன்படுத்துகிறது. கருவி குறைந்தது 60 விநாடி கேட்டுப் பார்த்த பிறகே அவற்றில் பேசலாம். ரேடார் போன்ற அலை பட்டால் 10 விநாடிக்குள் விலகி, 30 நிமிடம் அந்தப் பக்கமே வரக்கூடாது. சில நேரம் ரேடார் இல்லாமலே கருவி ஏமாந்துபோவதும் உண்டு. 36–48 அல்லது 149–161இல் நிலையாக வையுங்கள். வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த கருவியானால் நாடு 'மலேசியா' என்று இருக்கிறதா என முதலில் பார்த்துவிடுங்கள்.