பீடி சுற்றும் அம்மாவுக்குக் கை மரத்துப்போகிறது, வேலையை நிறுத்தச் சொல்லலாமா?

அம்மா 20 வருடமாகப் பீடி சுற்றுகிறார், ராத்திரி கை மரத்து எரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் அதே கைதான். ஆலங்குளம் பக்கம் எங்கள் ஊர். 16 வயதில் பீடி சுற்றச் சுளவை (முறத்தை) மடியில் வைத்தேன், இப்போது 43.

எனக்கும் முதலில் ராத்திரியில்தான் தொந்தரவு. இரண்டு மணிக்கு முழிப்பு வரும், எழுந்து உட்கார்ந்து கையை உதறினால் அடங்கும். பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி. சுண்டுவிரலுக்கு ஒன்றும் இல்லை. பக்கத்தில் ஒரு டாக்டர் சத்துக் குறைவு என்று மாத்திரை கொடுத்தார். வருடம் ஒன்று போனதும் எரிச்சல் தானாகக் குறைந்தது. சரியாகிவிட்டது என்று நினைத்தேன். அங்கேதான் ஏமாந்தேன்.

நாளுக்கு ஆயிரம் பீடி சுற்றுகிறவள் கையைப் பார்க்க மாட்டாள். வாய் பேசிக்கொண்டே இருக்கும், விரல் பாட்டுக்கு இலையை உருட்டி நூலைக் கட்டும். ஒருநாள் நூல் விரலிடுக்கில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. குனிந்து பார்த்தால் மடியில் கிடக்கிறது. அதிலிருந்து ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துத்தான் கட்டினேன். தளர்ந்த பீடியைக் கடையில் கழித்துப் போட்டார்கள்.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் டாக்டர் என் இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து வைத்துக் காட்டினார். இடது பெருவிரலின் அடியில் சதை மேடு, வலதில் குழி. கார்பல் டனல் என்றார். மணிக்கட்டுக்குள் நரம்பு போகிற வழி நெருங்கி நரம்பு நசுங்குகிறது. எரிச்சல் குறைந்தது குணத்தால் அல்ல, நரம்பு உணர்விழந்ததால். ஆபரேஷன் செய்தார்கள். விரல் நுனியில் உணர்வு கொஞ்சம் திரும்பியது. வற்றிய சதை வரவில்லை.

இப்போது இலை வெட்டுவது மதினிதான். கத்தரியை எடுத்தாலே, "ஏட்டி, அத இங்க தா" என்று பிடுங்கிக்கொள்வாள். நாளுக்கு 600 சுற்றுகிறேன். கூலி குறைந்தது வலிக்கத்தான் செய்கிறது, அதனால் அம்மாவிடம் உடனே நிறுத்து என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் இந்த வாரமே கூட்டிப்போங்கள். முக்கூடலில் பீடித் தொழிலாளர்களுக்கென்றே மத்திய அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது, அடையாள அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். சுகர், தைராய்டு இரண்டும் பார்க்கச் சொல்லுங்கள், அவற்றாலும் இது வரும். சதை வற்றாத கைக்கு ராத்திரி மணிக்கட்டை நேராகப் பிடிக்கும் பட்டையே பலருக்கு நிம்மதி தருகிறது. போன மாதம் என் இடது கையும் எரிய ஆரம்பித்தது. மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன். இப்போது பட்டை கட்டிக்கொண்டுதான் படுக்கிறேன்.