அம்மாவின் நாக்கு எரிச்சல்: புண் இல்லாமலும் எரியுமா?

எரியும். அம்மாவுக்கு 58 வயது, பல மாதமாக நாக்கு நுனி எரிகிறது, பல் டாக்டர் ஒன்றுமில்லை என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். புண் தெரியவில்லை என்பதால் வலி பொய்யாகிவிடாது. காலையில் லேசாக இருந்து சாயங்காலம் ஏறுகிறது, சாப்பிடும்போது அடங்குகிறது என்றால் வாய் எரிச்சல் நோயாக இருக்கலாம். மாதவிடாய் நின்ற பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது, நரம்புக் கோளாறு. புற்றுநோயாக மாறாது, அம்மாவிடம் இதை முதலில் சொல்லுங்கள்.

ஆனால் அந்த முடிவுக்கு வருமுன் இரும்புச்சத்து, வைட்டமின் பி12, ஃபோலேட் (இன்னொரு பி வைட்டமின்), சர்க்கரை, தைராய்டு எல்லாம் பார்த்தாக வேண்டும். வாயில் பூஞ்சைத் தொற்று இருக்கிறதா என்றும் கேளுங்கள். பிரஷருக்கு எனலாப்ரில் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறாரா? அதுவும் சிலருக்கு இப்படிச் செய்யும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால், பல் மருத்துவக் கல்லூரியில் வாய் மருத்துவப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். குளோனாசெபம் (வலிப்பு, பதற்றத்துக்கும் தரும் மருந்து) மாத்திரையை வாயில் சில நிமிடம் கரையவிட்டு, விழுங்காமல் துப்பும் முறை பலருக்குக் கேட்கிறது. பழக்கமாகிவிடக்கூடிய மருந்து, சீட்டு இல்லாமல் தொடவே வேண்டாம். அதுவரை காரம், புளிப்பைக் குறைத்து, புதினா இல்லாத பேஸ்ட்டுக்கு மாறட்டும். ரொம்ப எரிந்தால் சின்ன ஐஸ் துண்டைச் சப்பலாம்.