நீர்க்கட்டிச் சிறுநீரக நோயுள்ள குழந்தையின் தீராத வலிக்கு அறுவை சிகிச்சை தேவையா?

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் வாழும் தாங்கள், பரம்பரை நீர்க்கட்டிச் சிறுநீரக நோயுள்ள பன்னிரண்டு வயது மகளின் விலா வலிக்கு அறுவை சிகிச்சை உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்டு, ஆனால் அது முதற்படியன்று. இந்நோயில் உண்டாகும் நீர் நிறைந்த கட்டிகள் பெருத்துச் சிறுநீரகத்தின் மேலுறையை இழுப்பதாலும், கட்டிக்குள் இரத்தம் கசிவதாலும், தொற்றாலும், கல்லாலும் வலி வரலாம் என்பதால், காரணத்தைக் கண்டறியாமல் கத்தியை எடுப்பது தவறு. காய்ச்சலோ சிறுநீரில் இரத்தமோ தென்பட்டால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். வலிக்குப் பனாடோ போன்ற பாராசிட்டமாலை எடைக்கேற்ற அளவில் கொடுக்கலாம். மருந்துக்கடையில் எளிதாகக் கிடைக்கும் ஐபுபுரோஃபென் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால், மருத்துவர் சொல்லாமல் அதைக் கொடுக்கவே வேண்டாம்.

மருந்துக்கு அடங்காத வலி ஒரே பெரிய கட்டியால் வருவதாகத் தெரிந்தால், ஊசியால் நீரை உறிஞ்சி, அது மீண்டும் நிரம்பாதிருக்கக் கட்டியின் சுவரைச் சுருக்கும் மருந்தைச் செலுத்துவார்கள். வெறுமனே உறிஞ்சினால் பெரும்பாலும் திரும்ப நிரம்பிவிடும். பல கட்டிகள் காரணமாயின், சிறு துளைகள் வழியே லேப்பராஸ்கோப்பி முறையில் கட்டிகளின் மேற்கூரையை வெட்டித் திறக்கிறார்கள். பலருக்கு இதனால் வலி குறைகிறது. எனினும் எஞ்சிய கட்டிகள் வளர்வதால் சில ஆண்டுகளில் அது திரும்பலாம். இச்சிகிச்சை வலிக்கானதே தவிர, சிறுநீரகம் நலிவதைத் தடுப்பதற்கன்று; இதை அறுவைக்கு ஒப்புதல் அளிக்கும் முன்பே தாங்கள் தெளிவாக அறிந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வலியைக் கடத்தும் நரம்புகளைத் துண்டிப்பது குழந்தைகளிடம் அரிது; சிறுநீரகத்தையே அகற்றுவது கடைசி வழி.

குழந்தைச் சிறுநீரக நிபுணரைப் பார்க்கத் தங்கள் மருத்துவரிடம் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். வலி எப்போது, எங்கே, எவ்வளவு நேரம் என்பதை மகளே தன் சொற்களில் நாட்குறிப்பாக எழுதி எடுத்துச் செல்லட்டும்.