மீன் விலையும் மகளின் புராஜெக்டும்: பாம்பன் அண்ணனுக்குப் பதில்

அண்ணே, "விலைவாசிக் குறியீட்டெண்ணில் எவ்வளவு பிழை வரும்னு மக கணக்குப் போடுறாளாம். இதுக்கு யார் சம்பளம் கொடுப்பா? எம்.எஸ்சி. முடிச்சதும் பி.எட். சேர்த்துவிடவா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் மீன் வியாபாரி. ஒரே காலையில் சீலா மீனுக்குக் கடைக்குக் கடை விலை மாறும். ஐந்து கடையில் கேட்டு ஒரு சராசரி சொல்கிறோம்; வேறு ஐந்து கடையில் கேட்டிருந்தால்? அந்த ஆட்டத்தை அளப்பதுதான் அவள் வேலை. எண்கள் சராசரியை விட்டு எவ்வளவு சிதறுகின்றன என்று காட்டும், பத்தாம் வகுப்பில் படித்த விலக்க வர்க்கச் சராசரிதான். 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணுக்கே 1,181 கிராமங்களிலும் 310 நகரங்களின் 1,114 சந்தைகளிலும்தான் விலை கேட்டார்கள்.

அளக்கப் பல வழி உண்டு. இந்தியப் புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் சொன்ன வழியில், இரண்டு குழுக்கள் தனித்தனியே போய் விலை கேட்கும். ஒரு குழுவுக்கு 600, இன்னொன்றுக்கு 640 என்றால் சராசரி 620. வித்தியாசம் 40, அதன் வர்க்கத்தை 4-ஆல் வகுத்தால் 400, அதன் வர்க்கமூலமான 20 ரூபாய்தான் திட்டப் பிழை, அதாவது அந்தச் சராசரி எவ்வளவு ஆடும் என்ற அளவு. சுலபம்தான், ஆனால் இரண்டே எண்ணை நம்புவதால் அந்த 20-ம் தள்ளாடும். ஜாக்நைஃப் என்ற இன்னொரு வழி, தடவைக்கு ஒரு கடையை விட்டுவிட்டு மறுபடி கணக்குப் போடும். சராசரிக்குச் சரி; இடைநிலை விலை (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது) என்றால் காலை வாரிவிடும். 1979-இல் அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் எஃப்ரான் கொண்டுவந்த பூட்ஸ்ட்ராப் என்ற வழி சீட்டுக் குலுக்கல் மாதிரி: கடை விலைகள்தான் சீட்டு; எடுத்த சீட்டைத் திரும்பப் போட்டு, ஆயிரம் தடவை குலுக்கி, ஒவ்வொரு தடவையும் சராசரி பார்க்க வேண்டும். கம்ப்யூட்டருக்கு அது பெரிய வேலையில்லை. ஒன்று மட்டும்: பக்கத்துக் கடையைப் பார்த்துத்தானே விலை வைக்கிறோம்? அதனால் கடையைக் குலுக்காமல் சந்தையை மொத்தமாகக் குலுக்க வேண்டும். இதில்தான் பிள்ளைகள் சறுக்குவார்கள். பிழையைக் குறைத்துக் காட்டிவிட்டு, முடிவு அருமை என்பார்கள்.

மூன்றையும் ஒப்பிட்டு எது எங்கே தவறும் என்று சொல்லத் தெரிந்தவளை நேர்முகத்தில் யாரும் லேசில் விடமாட்டார்கள். யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வை 21 முதல் 30 வயதுக்குள் எழுதலாம். மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையமான எஸ்.எஸ்.சி. பட்டதாரிகளுக்கு நடத்தும் சி.ஜி.எல். தேர்வு வழியாக இளநிலைப் புள்ளியியல் அதிகாரி வேலையும் உண்டு. அப்புறம் வங்கி, காப்பீடு. பி.எட். எங்கும் ஓடிவிடாது.

இப்போதைக்கு உங்கள் பழைய விலை நோட்டை அவளிடம் கொடுங்கள். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு போகாமல் சில மீனுக்கு விலையே எழுதியிருக்க மாட்டீர்கள். அந்த வெற்றுப் பக்கங்களைக் கிழித்துவிடாதீர்கள், அதுவும் அவளுக்கு வேண்டும்.