ரிசீவர் 5.1, சத்தம் வருவதோ இரண்டில்தான்

கேள்வி: கம்ப்யூட்டரை எச்டிஎம்ஐ மூலம் டிவியில் இணைத்து, டிவியிலிருந்து ஆப்டிகல் கேபிளில் 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) ரிசீவருக்குச் சத்தம் எடுக்கிறேன். முன்னால் உள்ள 2 ஸ்பீக்கர் மட்டுமே பாடுகிறது. விண்டோஸிலும் ஸ்டீரியோ தவிர வேறு எதுவும் காட்டவில்லை. கேபிளை மாற்றியும் பலனில்லை.

பதில்: இதில் கேபிளின் தப்பு எதுவும் இல்லை. இணைத்ததும் டிவி தன்னால் என்னென்ன ஒலி வாங்க முடியும் என்று கம்ப்யூட்டருக்கு ஒரு தகவல் அனுப்பும், பெரும்பாலான டிவிகளில் சொந்தமாக 2 ஸ்பீக்கர்தான் என்பதால் சுருக்காத ஒலியில் 2 சேனல் (தனித்தனி ஒலி வழி) போதும் என்று சொல்லிவிடும், விண்டோஸ் அதை அப்படியே நம்பிக்கொள்கிறது. ஆப்டிகலுக்கும் ஓர் எல்லை உண்டு. சுருக்காத பிசிஎம் ஒலி என்றால் 2 சேனல், 5.1 வேண்டுமென்றால் டால்பி டிஜிட்டல் அல்லது டிடிஎஸ் ஆகச் சுருக்கித்தான் அனுப்ப வேண்டும்.

அதனால் முதலில் படத்தின் ஒலித்தடம் 5.1 தானா என்று பாருங்கள். அப்புறம் விஎல்சி, கோடி (Kodi) போன்ற வீடியோ பிளேயரில் பாஸ்த்ரூவை, அதாவது சுருக்கிய ஒலியை அப்படியே கடத்திவிடும் வசதியை, ஆன் செய்யுங்கள், டிவியின் டிஜிட்டல் ஆடியோ அவுட்புட்டையும் பிசிஎம்மிலிருந்து பாஸ்த்ரூ அல்லது பிட்ஸ்ட்ரீமுக்கு மாற்றுங்கள். பலரும் மறப்பது இந்த இரண்டாவதைத்தான்.

சில டிவிகள் எச்டிஎம்ஐ வழியே வந்த 5.1-ஐ ஆப்டிகலில் ஸ்டீரியோவாகத்தான் வெளியே விடும், அதற்கு செட்டிங்கில் மருந்தில்லை. ரிசீவரில் எச்டிஎம்ஐ இருந்தால் கம்ப்யூட்டரை நேராக அதில் செருகி, அங்கிருந்து டிவிக்குப் படத்தை எடுங்கள். நான் முதலில் சொல்வதே இந்த வழியைத்தான், கேம் ஒலியும் 5.1 ஆக வந்துவிடும்.